அப்பா நடந்த ஒன்றரைக் கிலோமீட்டர்

அப்பா ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு மூத்த மகள் என்ற முறையில் நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று தம்பி சிங்கப்பூரிலிருந்து மூன்று மாதமாக நச்சரித்தான். அன்பின் உருவம், பண்பின் சிகரம் என்றெல்லாம் எழுத எனக்கு வராது என்று சொல்லிப் பார்த்தேன். உனக்கு எப்படி வருமோ அப்படி எழுதுக்கா என்றான். எனக்கு வந்தபடியே எழுதியிருக்கிறேன். படிக்கும் உறவினர்களில் யாருக்காவது சுருக்கென்று தைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைவிட அதிகமாகவே தைத்திருக்கிறது.

அப்பா வலங்கைமான் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஐந்து பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தவர்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது தகப்பனாரை இழந்து, பாபநாசத்துக்குத் தெற்கே உள்ள தாய்மாமன் ஊருக்கு வந்துவிட்டார்கள். முதலில் மாமனுக்கு உழைத்தார்கள், பிறகு குத்தகைக்கு உழுதார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலம் சொந்தமாக்கினார்கள். மேட்டூர் திறக்காத வருடங்களில் குறுவை போனது. பெருமழையில் சம்பா முழுகியது. இரண்டுக்கும் நடுவில் என்னை நர்சிங் படிக்க வைத்தார்கள், தம்பியைப் பொறியியல் படிக்க வைத்தார்கள். ஞாயிறு பூசைக்குத் தாமதமாக ஒரு நாளும் போனதில்லை. யாரையும் ஏசிப் பேசிக் கேட்டதில்லை. பிடிவாதம் மட்டும் மலையளவு இருந்தது, அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் நடந்தால் ஒன்றரைக் கிலோமீட்டர். காலையில் கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட ஒரு நடை, பிற்பகலில் நிறுத்த ஒரு நடை. மோட்டாருக்கு வேலை இல்லாத மழை நாளிலும் தண்ணீர் வடிகிறதா என்று பார்க்கப் போவார்கள். தோளில் மண்வெட்டி இல்லாமல் அப்பா போய் நான் பார்த்ததில்லை. வழியில் நான்கு பேரிடம் நின்று பேசுவார்கள். எந்த மடை எந்த வயலுக்குத் திரும்புகிறது, யார் வரப்பில் நண்டு வளை இருக்கிறது என்பதெல்லாம் மனப்பாடம். அது உடற்பயிற்சி என்று அப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயதில் முழங்கால் பிசகியது. ஒரு மாதம் ஓய்வு என்றார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான் அம்மா இறந்துபோயிருந்தார்கள், நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்று அப்பாவோடு வந்து இருந்தோம். தம்பி விடுமுறையில் வந்தான், வந்த வேகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து அப்பாவைக் கவுரவப்படுத்தத் தொடங்கினோம். கொட்டகையில் செல்போன் ஸ்டார்ட்டர் வைத்தான். அதற்குள் ஒரு சிம் கார்டு, வீட்டிலிருந்து போனில் ஒரு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும், இன்னொரு முறை அழுத்தினால் நிற்கும். கொட்டகை மேல் கம்பம் நட்டு ஒரு கேமரா, அதற்கு வேறு ஒரு சிம். கூடத்தில் கைவைத்த மெத்தை நாற்காலி, அதன் எதிரே போனை நிறுத்த ஒரு தாங்கி. அப்பா உட்கார்ந்த இடத்தில் இருந்தே வயலைப் பார்க்கலாம், தண்ணீர் விடலாம்.

ஊரே வந்து பார்த்தது. கொடுத்து வைத்த மனுஷன், ராஜா மாதிரி உட்கார்ந்து விவசாயம் பார்க்கிறார் என்று சொல்லாத ஆளில்லை. சித்தப்பா வீட்டில் உடனே நாற்காலி வாங்கினார்கள். நானும் பூரித்துப் போனேன். முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். அறுவை முடிந்தவரை மறுநாளே கையைப் பிடித்து நடக்க வைத்தவள். படுத்தே கிடந்தால் உடம்பு மட்டுமல்ல, தலையும் மந்தமாகிவிடும் என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன். சொந்த அப்பா என்று வந்ததும் நாற்காலிக்கு உறை தைத்துப் போட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

முழங்கால் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. அப்பா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க நாங்கள் விடவில்லை என்பதுதான் சரி. தண்ணீர் வேண்டுமா, நான் கொண்டுவருகிறேன், உட்காருங்கள். குப்பையா, வேலைக்காரப் பெண் போடுவாள், உட்காருங்கள். வருகிற உறவினர்களும் அதே பாட்டு. நம் பக்கத்தில் பெரியவர்களுக்கு மரியாதை என்றால் உட்கார வைப்பது. எழுந்து ஒரு சொம்பை எடுத்தால் பிள்ளைகளுக்கு அவமானம்.

எட்டு மாதத்தில் ஆரம்பித்தது. காலைப் பலகாரம் சாப்பிட்டு அரை மணியில் சாப்பிட்டேனா என்று கேட்டார்கள். பகலில் தூங்கி வழிந்தார்கள். போனில் தெரிவது குறுவையா சம்பாவா என்று என் வீட்டுக்காரரிடம் ஒரே நாளில் ஐந்து முறை விசாரித்தார்கள். என்னை அம்மாவின் பெயரால் கூப்பிட்டார்கள். வயதானால் அப்படித்தான் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஒருநாள் காலை அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வாசலில் போய் நின்றார்கள். இந்தப் பக்கம் பார்த்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தார்கள். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள்.

"ஏம்மா, கொட்டகைக்கு எந்தப் பக்கம் போவணும்?"

அறுபது வருடம் நடந்த வழி. அன்றைக்கே தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

டாக்டர் இளவயதுக்காரர், பொறுமைசாலி. ஸ்கேன், ரத்தம், காது, கண் எல்லாம் பார்த்தார். போனது எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது, ஆனால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற நிறையச் செய்யலாம் என்றார். சீட்டில் நான்கு மாத்திரை எழுதினார். ஐந்தாவது வரியில் 'தினமும் நடை' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். நடந்தால் இருதயம் நன்றாக வேலை செய்யும், மூளைக்கு ரத்தம் ஒழுங்காகப் போகும், பிரஷரும் சர்க்கரையும் அடங்கும், இரவில் தூக்கம் வரும், மனச்சோர்வு குறையும், இத்தனையும் சேர்ந்துதான் ஞாபகத்தைத் தாங்குகின்றன என்று விளக்கினார். முன்பு எவ்வளவு நடப்பார் என்று கேட்டார். நான் கணக்குப் போட்டேன். போக வர இரண்டு நடை, ஆறு கிலோமீட்டர். அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். நான் நர்ஸ் என்பதை அவரிடம் சொல்லவே இல்லை.

நான்கு மாத்திரையையும் மருந்துக் கடையில் வாங்கினோம். ஐந்தாவதுக்குத்தான் நாங்கள் பட்ட பாடு. தம்பி நல்ல விலையில் ஷூ அனுப்பினான். அதைப் போட்டுக்கொண்டு அப்பா சாயங்காலம் தெருவில் இறங்கினார்கள். கையில் மண்வெட்டி இல்லை, போகிற இடம் இல்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் "என்னங்கய்யா, சுகருங்களா?" என்று துக்கம் விசாரித்தார்கள். மூன்றாம் நாள் அப்பா ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்கள். வேலை இல்லாமல் வீதியில் நடப்பதற்கு நான் என்ன ஊர் சுற்றியா என்று கேட்டார்கள். அடுத்து தம்பி, நின்ற இடத்தில் மிதிக்கும் சைக்கிள் ஒன்றை வரவழைத்தான். அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"இது எங்க போவும்?"

"எங்கயும் போவாதுப்பா. ஏறி உக்காந்து மிதிக்கணும், அவ்வளவுதான்."

"எங்கயும் போவாததுல எதுக்கும்மா ஏறணும்?"

அந்தச் சைக்கிளில் ஒரு வருடமாகத் துண்டு காய்ந்தது. வயலுக்கே கூட்டிப்போகலாம் என்றால் அதற்கும் வரமாட்டார்கள். அதான் இங்கேயே தெரிகிறதே, போனில் போட்டால் ஓடுகிறதே, அங்கே போய் நான் என்ன செய்ய வேண்டும் என்றார்கள். நியாயம்தானே. வேலையை நாங்கள்தானே பிடுங்கி வைத்திருந்தோம்.

இனி எழுதப் போவது தம்பிக்கு இதுவரை தெரியாது. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கொட்டகைக்குப் போனேன். கேமரா வயலைப் பார்க்கும், கொட்டகைக்குள் பார்க்காது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து சிம்மை உருவினேன். என் ஜெபப் புத்தகத்தின் உறைக்குள் வைத்தேன். மறுநாள் காலை அப்பா எண்ணை அழுத்தினார்கள், மோட்டார் ஓடவில்லை. டவர் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்றேன். அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். நாற்று காயுமே என்றார்கள். எழுந்தார்கள். மண்வெட்டி எங்கே என்று கேட்டார்கள்.

அன்று நான் கொஞ்சம் பின்தங்கிக் கூடவே போனேன். இருபது நிமிட வழிக்கு ஒரு மணி நேரம் ஆனது. மூன்று இடத்தில் உட்கார்ந்தார்கள். வாய்க்கால் பிரியும் இடத்தில் நின்று யோசித்தார்கள், எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு கால் தானாகச் சரியான பக்கம் திரும்பியது. மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயில் வந்த தண்ணீரில் முகம் கழுவினார்கள்.

ஆறு மாதத்தில் இருபத்தைந்து நிமிடத்துக்கு வந்துவிட்டது. பகல் தூக்கம் போனது, இரவுத் தூக்கம் வந்தது. சாப்பிட்டேனா என்ற கேள்வி எப்போதாவது ஒரு நாள் வந்தது. மடைகளை வரிசையாகச் சொன்னார்கள். டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, என்ன செய்கிறீர்களோ அதையே செய்யுங்கள் என்றார். அற்புதம் நடந்ததாக நான் எழுத மாட்டேன். சில பெயர்கள் திரும்பி வரவே இல்லை, என்னை அம்மாவின் பெயரில் கூப்பிடுவதும் முழுதாக நிற்கவில்லை. ஆனால் கொட்டகைக்கு எந்தப் பக்கம் என்று அதன் பிறகு அப்பா ஒருநாளும் கேட்கவில்லை.

தம்பியோடுதான் எனக்குப் போராட்டம். கேமராவில் தினமும் அப்பா வருவது அவனுக்குத் தெரிகிறது. வாரம் தவறாமல் கூப்பிட்டான். கேமரா ஓடுகிறது, ஸ்டார்ட்டர் மட்டும் ஏன் ஓடவில்லை என்று கேட்டான். அது வேறு கம்பெனி சிம் என்று நான் ஒரு கதை சொன்னேன். கம்பெனியில் கேட்டுவிட்டேன், டவர் நன்றாக இருக்கிறதாம் என்றான். மழையில் பெட்டி நனைந்திருக்கும் என்று இன்னொரு கதை. இந்த வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட அவஸ்தையை எழுதி மாளாது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடமே இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். உண்மையைத் தம்பியிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் அடுத்த விமானத்தில் வந்து மூன்று சிம் போட்டுவிட்டுப் போவான். அவன் பாசம் அப்படிப்பட்டது.

மறு குறுவையில் ஒரு காலை போன் அடித்தது.

"அக்கா, அப்பா வரப்புல விழுந்து கெடக்குறாரு. யாராவது ஓடுங்க."

பக்கத்தில் இருந்த எங்களுக்கு முன்னால் சிங்கப்பூரில் இருந்தவன் பார்த்துவிட்டான். நண்டு வளையில் தண்ணீர் கசிந்து ஊறிக்கிடந்த வரப்பில் வழுக்கியிருந்தது. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்வதற்குள் அப்பா எழுந்து உட்கார்ந்து, வளையை மண்ணால் அடைத்துக்கொண்டிருந்தார்களாம். வலது மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்று மாலை தம்பி பேசியதை நான் மறக்க முயன்றும் முடியவில்லை.

"பாத்துக்க முடியலன்னா சொல்லிடு. அப்பாவக் கொன்னுடாதக்கா."

அதன் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கோபம் ஒரு பக்கம், அவன் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். இடுப்பெலும்பு முறிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மூளையைக் காப்பாற்றுகிறேன் என்று ஆளையே தொலைத்திருப்பேனா? சிம்மைத் திரும்பப் போட்டுவிடுவது என்று முடிவு செய்து, அப்பாவிடம் போய், நாளையிலிருந்து போனிலேயே போட்டுக்கொள்ளலாம், நான் சரிபண்ணி வைக்கிறேன் என்றேன்.

அப்பா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்கள். "கட்டு கையிலதானம்மா இருக்கு. நடக்கறது காலு. இருக்கறபடியே இருக்கட்டும்."

அந்த வாரமே தம்பி என்னை நம்பாமல், மோட்டார் மெக்கானிக் சேவியரை நேரே கூப்பிட்டு, கேமராவில் இருக்கும் அதே கம்பெனி சிம் ஒன்றைப் புதிதாக வாங்கி ஸ்டார்ட்டரில் போடச் சொன்னான். சேவியர் போட்டுவிட்டதாகச் சொன்னார். இதையும் கழற்றுவதா, விட்டுவிடுவதா என்று நான் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்பா புது எண்ணை அழுத்தினார்கள். மோட்டார் ஓடவில்லை. உண்மையாகவே ஓடவில்லை. ஆண்டவரே கைவைத்துவிட்டார் என்று கோயில் வளாகத்து மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். தம்பிக்கும் அலுத்துப்போனது. அப்பா கையில் கட்டோடு நடந்தார்கள், கூடவே என் வீட்டுக்காரரும் நடந்தார், அந்த வரப்பையும் செப்பனிட்டோம். விழாமல் நடக்க வழி செய்ய வேண்டும், நடையையே நிறுத்தக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு மூன்று ஆண்டு அப்பா நடந்தார்கள். கடைசியில் நுரையீரலில் சளி கட்டி ஒன்பது நாள் படுத்தார்கள். எண்பத்திரண்டு வயது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏழாம் நாள் தம்பி வந்து கட்டில் ஓரம் நின்றான். தன்னை அடையாளம் தெரியாது என்று பயந்துகொண்டுதான் விமானம் ஏறினானாம். அப்பா கண்ணைத் திறந்து, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எப்போது வந்தாய் என்று கேட்டார்கள். வயலுக்குப் போய்ப் பார்த்தாயா என்று அடுத்த கேள்வி. தம்பி அங்கேயே உட்கார்ந்து அழுதான். இரண்டு நாள் கழித்து, பங்குத்தந்தை அவஸ்தைப் பூசுதல் கொடுத்த பிறகு, விடியற்காலையில் அப்பா போய்விட்டார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து தம்பி ஊருக்குப் போன பிறகு, அப்பாவின் பொருள்களை எடுத்துவைத்தேன். மூக்குக் கண்ணாடிக் கூட்டின் அடியில் மாத்திரை அட்டைத் துண்டில் மடித்து ஒரு சிம். என்னுடையது என் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. இது எது? சேவியரைக் கூப்பிட்டேன். வந்தவர் தலையைச் சொறிந்தார். போட்டு அரைமணி நேரத்தில் அப்பா கொட்டகைக்கு வந்து கழற்றச் சொன்னார்களாம்.

"ஐயா என்னா சொன்னாருன்னா, 'எம் பொண்ணு கழட்டுறதுக்கு முன்னாடி நீயே கழட்டிக் குடுத்துடு சேவியரு. அவளுக்குப் பொய் சொல்ல வரல, மொகத்துல தெரியுது. தம்பிக்குத் தெரிஞ்சா அவளத்தான் ஏசுவான்'னாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் தலையில கைய வச்சு சத்தியம் வாங்கிட்டாருங்க."

அழுதேன் என்பதைவிட, ஆத்திரமாக அழுதேன் என்பது பொருத்தம். முதல் நாளே தெரிந்திருக்கிறது. நாலு வருடம் நான் பொய் சொல்லிச் சொல்லி இளைக்க, மனுஷர் ஒன்றும் தெரியாதவர் போல மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். வேலை இல்லாமல் நடக்க அவருக்கு வெட்கம். நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று வாசலில் வழி தெரியாமல் நின்ற அன்று அவருக்கும் தெரிந்திருக்கிறது, அவரும் பயந்திருக்கிறார். நான் ஒரு சாக்குக் கொடுத்தேன், அவர் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்பா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரு மெழுகுவத்தியாவது மிச்சமாகியிருக்கும்.

அப்பாவின் சுகவீனத்தில் உதவிய தஞ்சாவூர் டாக்டருக்கும் செவிலியருக்கும், பங்குத்தந்தைக்கும், வரப்பில் அப்பாவை நிறுத்திப் பேசிய வயல்காரர்கள் அனைவருக்கும், ரகசியம் காத்த சேவியருக்கும், குடையோடு பின்னால் நடந்த என் வீட்டுக்காரருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கொடுத்து வைத்த மனுஷன் என்று சொல்லி நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தவர்களுக்கும் நன்றி, எண்ணம் நல்ல எண்ணம்தான். தயவுசெய்து உங்கள் வீட்டில் அதைச் செய்யாதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் இதைத் தம்பிக்கு அனுப்பினேன். நினைவு நாளன்று பூசை முடிந்து கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை பெரியவர்களுக்கு அவன் இரண்டு வேன் பேசியிருந்தான், அதையும் மலரில் போடச் சொல்லியிருந்தான். மறுநாள் கூப்பிட்டு, "வேன் வேணாங்க்கா. நடந்தே போயிடலாம்" என்றான்.

ஆகவே உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அறிவிப்பது: கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம் முக்கால் கிலோமீட்டர், அப்பா நடந்ததில் சரிபாதி. எல்லோரும் மெதுவாக நடந்தே போகிறோம், வழியில் உட்கார மூன்று இடத்தில் பெஞ்சு போடுகிறோம். உண்மையாகவே முடியாதவர்களுக்கு ஓர் ஆட்டோ நிற்கும். முடிகிறவர்கள் யாராவது அதில் ஏறினால், கையைப் பிடித்து இறக்கிவிட நான் அதன் பக்கத்திலேயே நிற்பேன்.